சாயத்துக்கு நாலு நெல் கீழே

பேனா தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது தெர்மாமீட்டர் உருண்டு வந்தது. பாதரசம் அடைத்த பழைய கண்ணாடிக் குச்சி. தேசூர் மருந்துக்கடையில் வாங்கியது. நூறைத் தாண்டி இரண்டு சின்னக் கோடு தள்ளி, கண்ணாடியைச் சுற்றி மெல்லிய வளையமாக நகச்சாயம், கருஞ்சிவப்பு. பாதி உரிந்துவிட்டது. கல்லூரிக் காலத்துப் புட்டியின் அடியில் கெட்டியாகிக் கிடந்ததைத் தீக்குச்சி முனையால் தொட்டு நானே வைத்த வளையம் அது.

வைத்தது பெரியம்மாவுக்காக. பெரியம்மாவுக்கு அச்சடித்த எண் படிக்க வராது. காசு எண்ணச் சொன்னால் ஒரு ரூபாய் பிசகாது. பஸ்ஸை மட்டும் நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் வைத்துத்தான் ஏறுவாள்.

2017 மாசி மாதம். அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து தையல் ஆறிக்கொண்டிருந்தது. அடுத்தது கீமோ என்றார்கள். இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை, முதல் நாலு ஒரு மருந்து, பின் நாலு வேறு மருந்து. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எங்கள் மூவரையும் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு தாளைக் கையில் கொடுத்தார். தாளில் இருந்ததைவிட அவர் வாயால் சொன்னதுதான் மனசில் நின்றது. "ஏத்துன அன்னிக்கு ஒண்ணும் பெருசா தெரியாதும்மா. ஏழாம் நாள்லேர்ந்து பதினாலாம் நாள் வரைக்கும் ஜாக்கிரதை. வெள்ளை அணு கீழ எறங்கிடும். நூறு புள்ளி நாலு காய்ச்சல் அடிச்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மாத்திரை போட்டு அமுக்கிடாதீங்க. அப்பவே கெளம்பி வந்துடுங்க."

நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை. பாதரசக் கோடு எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருக்குத் தெரியாது. ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கப்போவது பெரியம்மா. அந்த நூறு புள்ளி நாலை அவள் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் யோசனை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி மாற வேண்டும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி, செஞ்சியிலிருந்து தேசூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அன்று செஞ்சியில் ஒரு மாமா எங்களைப் பார்த்துவிட்டார். விஷயம் தெரிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தோ பாரு, அந்தக் கோட்டை மாதிரி நிக்கணும். போராடணும்" என்றார். மேற்கே ராஜகிரி வெயிலில் கருகிக் கிடந்தது.

எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. வியாதி வந்தவர்களைப் படைவீரர்களாக்கிவிட்டு நாம் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பது ஒரு வசதி. அதுவும் அந்தக் கோட்டை! 1690இல் முகலாயப் படை வந்து சூழ்ந்துகொண்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். 1698 வரை இழுத்தது. கடைசியில் விழத்தான் செய்தது. இதை நான் சொல்லவும் அம்மா சிரித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. "எட்டு வருசம் உள்ள இருந்தவனுங்க சாப்பாட்டுக்கு இன்னா பண்ணானுங்க?" என்று கேட்டாள். கோட்டைக்குள் இருக்கும் களஞ்சியங்களைச் சொன்னேன். சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே எவ்வளவு நெல் கொட்டலாம் என்று பள்ளிச் சுற்றுலாவில் வாயைப் பிளந்து பார்த்தது. அம்மா யோசித்தாள். பிறகு, "நம்ம ஊட்லயும் அரிசி தீந்துபோச்சி. வாங்கினு போயிடலாம்" என்றாள்.

பெரியம்மா வாழ்க்கைப்பட்டது செஞ்சியில். பெரியப்பா போன பிறகு தனியாக இருந்தாள். விஷயம் கேள்விப்பட்ட அன்றே ஒரு மஞ்சள் பையோடு சீயமங்கலத்துக்கு வந்து இறங்கிவிட்டாள். எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பையில் இரண்டு புடவை, ஒரு சுருக்குப்பை, ஒரு பாட்டில் உப்பு நார்த்தங்காய். "குமட்டலுக்கு" என்றாள். நான் நர்ஸுக்குப் போன் செய்து கேட்டேன். வாயில் புண் வருகிற வரைக்கும் ஒரு துண்டு பரவாயில்லை, புண் வந்துவிட்டால் கூடாது, உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கவேண்டும் என்றார். பெரியம்மாவுக்கு அதில் பாதிதான் ஒப்புதல்.

சின்ன வயதில் ஆயா, அம்மாவைப் பெற்றவள், செத்தது எனக்கு நினைவில்லை. பெரியம்மாவுக்கு இருக்கிறது. இதே வியாதி, இதே இடம். யாரும் பேர் சொன்னதில்லை. தனித் தட்டு, தனித் தம்ளர். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று தெருவில் பயம். கடைசியில் யாரோ "அடையாறுக்கு இஸ்துகினு போங்க" என்றார்களாம். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் அடையாறு என்றால் ஆறும் இல்லை, ஆலமரமும் இல்லை. "அடையாறுக்குப் போயிருக்காங்க" என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்த அடையாறுக்குப் பின்னால் ஓர் அக்காள் இருப்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்துபோனார். அக்காள் டாக்டர், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் வாங்கியவர். இருந்தும் தங்கைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. முப்பது வருடம் அதை மனசில் வைத்திருந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே டாக்டர். அடுத்த வருடம் வந்து சேர்ந்த சாந்தா என்ற இளம் பெண், 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. ஆயாவைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் காலம் கடந்துவிட்டது என்று பெரியம்மா சொல்வாள். யார் தாமதித்தது என்று மட்டும் சொல்லமாட்டாள்.

இந்தக் கதையைப் பெரியம்மாவிடம் சொன்னபோது மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரி கட்டத் தெரிஞ்சுது. எனக்குக் கஞ்சி வைக்கத்தான் தெரியும்" என்றாள். குறையாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை. கடலைத் தோலை முறத்தில் ஊதினாள்.

மாசியில் எங்கள் ஊரில் மணிலா பிடுங்கும் வேலை. அம்மாவுக்கு மருந்தைப் பற்றிய பயத்தைவிட, கொல்லைக்கு ஆள் யார் கூப்பிடுவது என்ற கவலை பெரிது. கீமோவுக்கு முன் என்னென்ன சோதனை என்று ஆஸ்பத்திரித் தாளில் வரிசையாக இருந்தது: இருதயத்துக்கு எக்கோ, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள்காமாலைக் கிருமி, பல் டாக்டரிடம் ஒருமுறை. எல்லாவற்றையும் முடித்தாயிற்று. அம்மாவிடம் வேறு ஒரு தாள் இருந்தது, எழுதாத தாள். பால் சொசைட்டிக் கணக்கு. மாட்டுக்குச் சினை ஊசி போட வேண்டிய நாள். எந்த டப்பாவில் உப்பு, எதில் சர்க்கரை. மூன்று நாள் அப்பாவை ரசம் வைக்கச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சை வைத்தாள். முதல் நாள் ரசத்தை மாட்டுக்கழுநீரில் ஊற்றினாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அப்பா பாஸ்.

அப்பா பேசுகிற ஆள் இல்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் சிமெண்டு போட்டுக்கொண்டிருந்தார். மேடு பள்ளம் தடுக்கக் கூடாதாம். சாயங்காலம் வழியில் ஒரு பல்பு தொங்கியது. மறுநாள் கோழிக்கூடு வேலி ஓரத்துக்கு நகர்ந்தது. மருந்து ஏற்றி இரண்டு நாள் வரை சிறுநீரில் மருந்து வெளியேறும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றவேண்டும் என்று நர்ஸ் சொன்னதை நான்தான் அவருக்குச் சொன்னேன். இரண்டு டிரம் வந்து நின்றது. பயமாக இருக்கிறதா என்று அவரைக் கேட்கத் தோன்றவில்லை. சிமெண்டு காய்வதற்குள் ஒரு நாய் ஓடி அதில் கால் பதித்துவிட்டது. அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

யோசனை சொல்லத்தான் ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. பின்தெருவிலிருந்து ஒரு அத்தை செம்பில் கஷாயம் கொண்டுவந்தாள். நித்தியகல்யாணி இலை. எங்கள் பக்கத்தில் அதைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். குப்பைமேட்டில் தானாக முளைத்து வருடம் முழுக்கப் பூக்கும், ஆடு வாய் வைக்காது. "இதுலேர்ந்துதான் கேன்சர் மருந்தே எடுக்குறானாம், டிவியில சொன்னான்" என்றாள் அத்தை. அவள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் சங்கடம். 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்று இரண்டு பேர் சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று ஜமைக்காவிலிருந்து வந்த அந்த இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலியின் வெள்ளை அணுக்கள் இறங்கின. அதிலிருந்து வின்பிளாஸ்டின். பின்னால் வின்கிரிஸ்டின், ஒரு கிராமுக்கு அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். அப்படிச் சலித்து எடுத்து, எடைக்குத் தக்கபடி அளந்து நரம்பில் ஏற்றுகிற விஷத்தைச் செம்பில் காய்ச்சிக் குடித்தால் என்ன ஆகும்? வெள்ளை அணு ஏற்கெனவே இறங்கப்போகிற உடம்பு. அத்தையின் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மா செம்பை வாங்கிக்கொண்டாள், "ஆறட்டும் அத்தாச்சி, குடுக்குறேன்" என்றாள். அத்தை போனதும் வாழைக்கு ஊற்றினாள். வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மாவுக்கு ஏற்றப்போவது வேறு மருந்து. டாக்ஸோருபிசின். நல்ல சிவப்பு, ரோஸ்மில்க் கொஞ்சம் அடர்த்தியானால் வருகிற நிறம். ஏற்றிய மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்படக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். இத்தாலியில் காஸ்டெல் டெல் மோண்டே என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்து மண்ணை எடுத்துச் சோதித்தபோது கிடைத்த நுண்ணுயிரின் வழிவந்த மருந்து. இதை அம்மாவிடம் சொன்னேன். கோட்டை மண்ணா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நம்ம கோட்டை மண்ணுல இன்னா இருக்குதோ, எவனும் தோண்டிப் பாக்கல" என்றாள். மாமா சொன்ன போராட்டத்தைவிட இது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வாரம் முழுக்க வந்தவர்களிடமெல்லாம் கோட்டை மண்ணு மருந்து என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடி விஷயம் அம்மாவே எடுத்தாள். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும் என்றார்கள். "தலையணையில கொத்துக் கொத்தா கெடந்து அதை நான் பொறுக்கணுமா? அம்மாளுக்குக் குடுத்துடுறேன்" என்றாள். அம்மாள் என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன். மருந்து தொடங்கிய பின் சவரக்கத்தி பட்டு வெட்டுக்காயம் ஆகக் கூடாது, கூட்டத்துக்கும் போகக் கூடாது; ஆகவே முன்னாலேயே போய்விடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். மயானக்கொள்ளைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். புது பிளேடு போடச் சொல்லிப் பெரியம்மா பக்கத்திலேயே நின்றாள். அம்மாவின் முடி இடுப்புக்குக் கீழே வரும். பின்னலோடு முதல் வெட்டு விழுந்தபோது நான் தேங்காய்க் கடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்து மனையில் பெரியம்மா தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. "எனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்துச்சி" என்றாள். எந்த வேண்டுதல், எந்த வருடத்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு பேரும் சந்தனம் பூசிய தலையோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பின்னாலிருந்து பார்க்க எது அக்காள், எது தங்கை என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விரதம்தான் கடைசிச் சிக்கல். முப்பது வருடமாக அம்மா சனிக்கிழமை பகலில் சாப்பிடமாட்டாள். எடை குறையக் கூடாது, தினம் முட்டை சாப்பிடவேண்டும், விரதம் கூடாது என்றார் டாக்டர். எங்கள் பக்கத்துக்குப் பட்டினி புதிது இல்லை. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை இருக்கிற இடத்தில், ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. என் பள்ளி வாத்தியார் ஒரு நயினார், தமிழ்ச் சமணர். கூட்டிப்போய்க் காட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்தார். அவ்வளவு பெரிய நோன்பைக் கல்லில் பார்த்த மண்ணில், ஒரு சனிக்கிழமையை விடுவதற்கு அம்மாவுக்கு உத்தரவு தேவைப்பட்டது. சிங்கவரம் ரங்கநாதரிடம் கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்றாள். தேசிங்குராஜன் 1714இல் சண்டைக்குப் போகுமுன் அந்தப் பெருமாளிடம்தான் கேட்டான், அவர் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவன் கேட்கவில்லை என்று கதை. படி ஏறி இறங்கி வந்த அம்மாவிடம் பெரியம்மா கேட்டாள்: "முகத்தைத் திருப்பிக்கல இல்ல?" "அவரு ஏற்கெனவே திரும்பித்தான் கெடக்குறாரு. எனுக்குன்னு புதுசா ஒண்ணும் திரும்பல." அந்தச் சனிக்கிழமை முட்டை சாப்பிட்டாள்.

புதுச்சேரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஏரிக்கரைப் பக்கம் நடந்துவரலாம் என்றாள். தூணாண்டார் கோயில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று தன் பட்டப்பேரை வைத்த கோயில். முகப்புத் தூணில் ஆடுகிற சிவன் இருக்கிறார். கல்லில் ஆடவல்லானின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று என்று படித்தவர்கள் தேடி வந்து பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் நாங்கள் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே இருட்டில் குளிர்ச்சிக்கு உட்காருவோம். அம்மாவும் அதற்குத்தான் வந்தாள்.

அந்தக் குன்றின் மேல் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. படிக்கிற காலத்தில் ஏறிப் பார்த்தது. கொடி சுற்றிய காலோடு பாகுபலி நிற்பார், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், சகோதரிகள் பிராமி, சுந்தரி. பெரியம்மாவுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. அவள் சொல்லும் கதையில், தவத்தில் அசையாமல் நின்றவனைக் கொடி இறுக்கிக்கொண்டது, அவனுக்கே அது தெரியவில்லை, கூடப்பிறந்தவளுங்க வந்து பிய்த்து எடுத்தாளுங்க. அவ்வளவுதான். அவனுக்கு ஞானம் கிடைத்ததா என்பது அவள் கதையில் வராது. அன்றைக்கு மேலே ஏற அம்மாவுக்கு மூச்சு பத்தாது. கீழேயிருந்தே பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் இரண்டு பேரும் தலையில் துண்டு போட்டிருந்தார்கள். யாரோ பிள்ளைகள் "சாமியாருங்க, சாமியாருங்க" என்று கத்திக்கொண்டு ஓடின. பெரியம்மா கல்லெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பதினொன்றாம் நாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு என் போன் அடித்தது. முதல் சுழற்சியிலேயே வந்துவிட்டது. பெரியம்மா குரல் நிதானமாக இருந்தது. "சாயத்தைத் தொட்டுடுச்சி கண்ணு." வண்டிக்காரனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம், அவன் போன் நம்பரைக் கதவு நிலையில் அப்பா சாக்பீஸால் எழுதியிருந்தார். அவன் வந்து நிற்கும்போது பை தயாராக இருந்தது, சிமெண்டுப் பாதையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. விடிவதற்குள் அம்மாவுக்கு ஊசி மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். எட்டு சுழற்சியும் முடிந்தது. சனிக்கிழமை விரதம் மட்டும் திரும்பவில்லை. பெருமாளிடம் மறுபடி போய்க் கேட்கச் சோம்பலாக இருக்கிறது என்கிறாள்.

பெரியம்மாதான் இல்லை. அவள் போனது வேறு எதற்கோ, ஒரு தை மாதம், தூக்கத்தில். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று டிவியில் காட்டியபோது அம்மா, "அக்கா இருந்தா அவ ஊருன்னு பீத்திக்கும்" என்றாள்.

தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயம் வைத்த அன்று ராத்திரி நடந்தது வரிசையாக வருகிறது. கண்ணாடிக்குள் வெள்ளிக் கோடு தெரிய விளக்குக்கு நேராகப் பிடித்து மெல்ல உருட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு கோணத்தில் மட்டும்தான் மின்னும். முதலில் பெரியம்மாவுக்கு அகப்படவில்லை. நாலைந்து முறை உருட்டிய பின் "தோ, தோ" என்றாள். உதறுவதற்கும் பழக்கினேன், அவள் உதறிய வேகத்தில் குச்சியே பறந்துவிடும் போலிருந்தது. பிறகு ஆரம்பித்தாள். முதலில் தன் அக்குளில். அடுத்து என்னிடம். அப்பா வேண்டாம் என்றார், விடவில்லை. திண்ணைக்கு வந்த பால்காரப் பையனுக்கும் வைத்தாள். ஒவ்வொரு முறையும் விளக்கடியில் போய் நின்று, நரைத்த புருவத்தைச் சுருக்கி உருட்டுவாள். கோட்டுக்கும் சாயத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அவளுக்குத் தெரிந்த அளவில் சொல்வாள்.

"இவனுக்கு சாயத்துக்கு மூணு நெல் கீழ."

கடைசியாக அம்மா. அவள் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பாமல் கையை மெல்லத் தூக்கி வைத்து, கொசுவை விசிறிக்கொண்டு, மனசுக்குள் எதையோ எண்ணிக்கொண்டு காத்திருந்தாள். எடுத்தாள். விளக்கடிக்கு வந்தாள். இரண்டு முறை உருட்டிப் பார்த்தாள்.

"நாலு நெல்" என்றாள் என்னிடம், கிசுகிசுப்பாக. உதறி, பஞ்சால் துடைத்து, நார்த்தங்காய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் மஞ்சள் பையில் வைத்தாள்.